என்ன வேணும்

அவர் உங்களுக்கு என்ன வேணும் என்று
முதலில் கேட்டது வில்லிவாக்கம் வங்கிக் கிளையில்
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்.
இறப்புச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கத்தில் பதில் இருப்பதுபோல.
சேமிப்புக் கணக்கில் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றாறு.
நாமினி அவருடைய அம்மா.
அந்த அம்மாள் போய்ப் பதினோரு வருஷம்.
புரொபேட் வாங்கிட்டு வாங்க மேடம் என்றாள்.

உயில் ஒன்றரைப் பக்கம்.
ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தது.
'சுயநினைவுடன்' என்பதில் ஓர் எழுத்து விழுந்துபோய்
சுயநிவுடன் எழுதியிருந்தார்.
பூ. இரத்தினவேலாகிய நான் என்று தொடங்கி
ஃபிளாட்டும் பணமும் தங்கை மகன் நவநீதனுக்கு.
ஸ்கூட்டரும் அவனுக்கே.
எனக்கு ஒன்றுமில்லை,
வேலையைத் தவிர:
'இவ்வுயிலை நிறைவேற்றும் பொறுப்பைச்
செண்பகவல்லியிடம் ஒப்படைக்கிறேன்,
கணக்கு வழக்கில் பிசகாதவர் என்பதால்.'

தேதியைப் பார்த்தேன்.
எங்கள் விவாகரத்துத் தீர்ப்புக்கு
நாலு வருஷம் பிந்தைய தேதி.

பாலுக்கும் கறிவேப்பிலைக்கும் நான் நோட்டில் எழுதுவதை
எட்டு வருஷம் கேலி செய்த மனிதர்.
உண்டியல் எண்ணவேண்டியவள் என்று
விருந்தாளிகள் முன்னால் சொன்னவர்.
ஒருநாள் நோட்டின் அட்டையைக் கிழித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்.
மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை,
அதையும் சொல்லவேண்டும்.

விருப்பமில்லை என்று எழுதித் தந்தால் விட்டுவிடுவார்களாம்.
ஒரே பக்கம்தான் என்று வக்கீல் அடித்தே வைத்திருந்தார்.
நான் கையெழுத்துப் போடவில்லை.
பிசகாதவர் என்ற அந்த ஒரு சொல்தான் காரணம் என்று
அவரிடம் சொல்லவில்லை.

மெட்ரோவிலிருந்து மேலே வந்தால்
அதே சிவப்புக் கட்டடம், அதே வேப்பம்பழ வழுக்கல்.
கால் குடும்ப நீதிமன்றத்துப் பக்கமே போனது.
பாதி வழியில்தான் உறைத்தது.

சாட்சிகள் இருவரில் பல் டாக்டர் காலமாகிவிட்டார்.
மிச்சம் ஜெராக்ஸ் ஜெயசீலன்.
'என் கண்ணெதிரேதாங்க போட்டாரு,
அவர் பேனா எழுதல, என் பேனாவத்தான் குடுத்தேன்.'
பேனாவைப் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கவில்லை.

நாளிதழில் இரண்டு அங்குல விளம்பரம்:
ஆட்சேபணை உள்ளவர்கள் ஆஜராகலாம்.
ஒருவரும் வரவில்லை.
உயிரோடிருந்தபோது அவரை ஆட்சேபித்தவள்
நான் ஒருத்திதான்.
மனுதாரரும் நானே.

இறந்தவருடன் உறவுமுறை என்றொரு கட்டம்.
மனைவின்னு போடவா என்றார் குமாஸ்தா.
வேண்டாம்.
முன்னாள்?
வக்கீல் வாங்கி ஒரு கோடு இழுத்தார்.
கோடு கொஞ்சம் கோணல்.

பதினாலு மாதம்.
முத்திரையோடு வந்தது.
ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியல்,
ஒரு வருஷத்தில் முழுக் கணக்கு
கோர்ட்டில் ஒப்படைக்கவேண்டும் என்றிருந்தது.
படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.
வாசலில் நின்ற போலீஸ்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

நவநீதன் ஓசூரிலிருந்து வந்தான்.
அத்தை என்று வாயெடுத்து
மேடம் என்றான்.
சாவிகளை எண்ணி வாங்கிக்கொண்டான், ஸ்கூட்டர் வேண்டாமாம்.
பழைய இரும்புக்கு மூவாயிரத்து எண்ணூறு,
அதை அவன் கணக்கில் போட்டேன்.
மேசை இன்னும் இருந்தது. குனிந்து பார்க்கவில்லை.

மீதி ஒரே ஒரு வரி:
மளிகைக்கடை பாக்கி இருநூற்றுப் பன்னிரண்டு.
மாலை நேரம், கடையில் கூட்டம்.
அண்ணாச்சி தராசிலிருந்து நிமிராமல்
என்ன வேணும் என்றார்.
அவர் எனக்கு, என்று தொடங்கினேன்,
பதினேழு வருஷம் முன்னாடி...
நிமிர்ந்து பார்த்தார்.
எல்லோரும் பார்த்தார்கள்.
கால் கிலோ துவரம்பருப்பு என்றேன்.
இரத்தினவேல் பாக்கியையும் எடுத்துக்குங்க.
ரெண்டையும் சேர்க்காதீங்க.
அவருடையதுக்குத் தனி ரசீது வேணும்.